உப்புக் கிண்ணமும் கற்கண்டுக் கிண்ணமும்

சடசட, படார்! இருட்டிய பிறகு இளவரசன் தூங்கும் அறையிலிருந்து அப்படியொரு சத்தம். வெகு காலத்துக்கு முன்னே முத்தாறு நாட்டை ஆண்டுவந்த செண்பகராசன் கட்டிலிலிருந்து குதித்தே விட்டார்.

அவருக்கும் முன்னால் அறைக்குள் நுழைந்தவர் தளபதி பிரசண்டர். கதவைத் தட்டுகிற வழக்கமே அவருக்கு இல்லை. உள்ளே செவிலி செவ்வந்தி இளவரசனை ஒரு தோளிலும், தன் கைக்குழந்தையை மறு தோளிலும் போட்டுக்கொண்டு கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சூனியம் மகாராஜா, சூனியம்! இவளை வேலைக்கு வைத்தது யார்? நம்முடைய மந்திரி குழைக்காதர்!" மந்திரியின் பெயரைக் கெடுக்கப் பிரசண்டர் வெகுநாளாகக் காத்திருந்தார்.

"திருஷ்டி சுற்றி உப்பை நெருப்பில் போட்டேன் மகாராஜா," என்றாள் செவ்வந்தி. "பாலில் போடுகிற கற்கண்டு வேறே கிண்ணம்."

"இரண்டும் ஒரே வெள்ளைக் கல்! பாலில் போட்டதும் உப்புத்தான். பச்சைக் குழந்தைக்கு அது விஷம்."

ராஜாவின் முகம் கறுத்தது. பின்னாலேயே வந்து நின்ற மந்திரியிடம் திரும்பினார். "குழைக்காதரே, விஷமாக இருந்தால் ஆபத்து, வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. வேறு வழியில் நிரூபியும். முடியாவிட்டால் இவள் இப்போதே நாட்டை விட்டுப் போகட்டும்."

கைக்குழந்தையோடு இந்த இருட்டில் எங்கே போவது? செவ்வந்தி இரண்டு கிண்ணங்களையும் மந்திரிக்குக் கண்ணால் காட்டினாள்.

குழைக்காதர் கிண்ணத்துக்கு ஒரு கல்லாக எடுத்து, இரண்டு இரும்புக் கரண்டிகளில் போட்டு நிதானமாக நெருப்பில் பிடித்தார். பாலுக்கான கல் இளகி, உருகி, பொன்னிறமாகி அல்வா வாசம் வீசியது. மற்றது வெடித்தது, உருகவே இல்லை.

"கண்கட்டு வித்தை!" என்று கத்தினார் பிரசண்டர்.

"இல்லை ஐயா," என்றார் மந்திரி. "உப்பில் ஒரு துகள் தன் சொத்தான எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டது, இன்னொன்று வாங்கிக்கொண்டது. அப்புறம் நாலாபக்கமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டன. அடுப்பு நெருப்புக்கு அசையாது. வெடிப்பது உள்ளே சிக்கிய ஈரம். இது அயனிப் பிணைப்பு. கற்கண்டில் துகள்கள் சொத்தைப் பொதுவில் வைத்துச் சின்னச் சின்னக் குடும்பமாக இருக்கும். அது சகப்பிணைப்பு. வீட்டுக்குள் கட்டு பலம். வீட்டுக்கு வீடு அவ்வளவு இல்லை. சூடு பட்டால் கலைந்து ஓடும்."

"என் மைத்துனர்கள் மாதிரி!" ராஜா சிரித்துவிட்டார். "பிரசண்டரே, ஒரு மாதம் மடைப்பள்ளியில் பாகு காய்ச்சும்."

"மகாராஜா, என் மீசை..."

"அடுப்புப் பக்கம் குனியாதீர்."

மந்திரிக்கு மோதிரம் கிடைத்தது. செவ்வந்திக்கு முத்துமாலையை நீட்டினார் ராஜா. அவள் கையை நீட்டவில்லை.

"மாலை வேண்டாம் மகாராஜா. இந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போதும்."

"அப்படியானால் நானும் தட்டிவிட்டுத்தான் வரவேண்டுமா?"

"மகாராஜாவும்தான்."

அரண்மனைத் தச்சன் உடனே வந்து தாழ்ப்பாளை அடித்துக் கொடுத்தான். ராஜாதான் முதலில் வெளியே போனார். குழந்தைகள் இரண்டையும் தொட்டிலில் கிடத்திவிட்டு, செவ்வந்தி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.