முட்டத் தலையில்லாத நண்டு

“கூட்டாஞ்சோற்றுக்கு வருகிறவன் கையில்...” என்று கிழட்டு ஆமை ஒரு பழமொழியைத் தொடங்கும். மீதி அதற்கே மறந்துபோய்விட்டது. தொடங்கிவிட்டுத் தண்ணீருக்குள் தலையை இழுத்துக்கொள்ளும். அந்த வருடம் இழுத்துக்கொள்ளத் தண்ணீரும் இல்லை. குளம் வற்றிச் சேறாகக் கிடந்தது.

குளத்து விலங்குகளுக்கு இருந்த ஒரே நம்பிக்கை மலைச் சுனை. அது மலை விலங்குகளுடையது. கோடை வந்தால் இரண்டு கூட்டமும் சேர்ந்து மல்யுத்தம் நடத்தும். பார்த்துச் சிரித்து, மனம் குளிர்ந்த மலைக்காரர்கள் சுனைக்குப் போகும் பாதையைத் திறந்துவிடுவார்கள்.

களத்துக்குத் தலைவன் கொம்பையன் என்னும் எருமை. போன வருடம் மலையிலிருந்து வந்த முள்ளம்பன்றி முள்ளாயி, அவன் மூக்கில் முள்ளை ஏற்றிவிட்டாள். அதனால் இந்த வருடம் புது விதி போட்டான்.

“முள் கூடாது! கொடுக்கு கூடாது! வால் கூடாது! எல்லாரும் தலையால்தான் முட்ட வேண்டும். அதுதான் நியாயம்!”

“என் முள்ளைக் கண்டு அவ்வளவு பயமா மாமா?” என்று சிரித்தாள் முள்ளாயி.

நண்டு குறுக்கே ஓடி வந்தது. “அண்ணே, எனக்குக் கழுத்துமில்லை, தலையுமில்லை. எதை வைத்து முட்ட?”

“இருப்பதாக நினைத்து முட்டு!”

ஆட்டம் தொடங்கியது. முள்ளாயி முள்ளை மடக்கிக்கொண்டு கொம்பையனோடு முட்டினாள், விழுந்தாள். உடும்பு வாலைச் சுருட்டிக்கொண்டு முட்டியது, விழுந்தது. கிளைக்குக் கிளை தாவும் மந்தி தரையில் நின்று முட்டியது. அதுவும் விழுந்தது. தான் மோதிய எல்லா ஆட்டத்திலும் கொம்பையனே வென்றான்.

“இதோ முட்டுகிறார்... மறுபடியும் முட்டுகிறார்... இன்னும்...” என்று வர்ணனை சொன்ன தவளை, பாதியில் குறட்டை விட்டது.

மலைக் கூட்டத்தின் தலைவரான கடுவன் குரங்கு எழுந்தது. “ஏம்ப்பா கொம்பையா, எருமைச் சண்டை பார்க்கவா மலையிறங்கி வந்தோம்? முகம் மட்டும்தான் எங்களுடையது. ஆட்டமெல்லாம் உன்னுடையது! கிளம்புங்கள் எல்லாரும்!”

“அப்போ... சுனைப் பாதை?” என்று பின்னாலேயே ஓடினான் கொம்பையன்.

“அடுத்த வருடம் பார்க்கலாம்!”

களத்தில் அப்போது குளத்து நண்டுக்கும் மலை உடும்புக்கும் முறை. நண்டு வெறும் உடம்பால் இடித்து இடித்துச் சலித்துப்போனது. “போங்கடா, நீங்களும் உங்கள் முட்டலும்!” என்று உடும்பின் வாலைக் கொடுக்கால் கவ்வியது. உடும்பு அலறிக்கொண்டு வாலைச் சுழற்ற, நண்டு பறந்துபோய் முள்ளாயி முதுகில் விழுந்தது. அவள் சடசடவென்று சிலிர்த்தாள். பக்கத்தில் நின்ற மந்தி ஒரே தாவில் மரமேறியது.

தவளை விழித்துக்கொண்டது. “ஐயையோ! நண்டு பறக்கிறது! உடும்பு ஓடுகிறது! பாருங்கள், பாருங்கள்!”

கிளம்பிய கூட்டம் விழுந்தடித்துக்கொண்டு திரும்பியது. குட்டிகள் கொம்பையன் முதுகிலேயே ஏறி நின்று பார்த்தன.

“விதியை மீறிவிட்டார்களே! என்ன தலைவரே, ஆட்டத்தை நிறுத்தவா?” என்று கண்ணடித்தது கடுவன்.

கொம்பையன் வற்றிய குளத்தைப் பார்த்தான். முள்ளாயியின் முதுகையும் பார்த்தான்.

பல இடத்துக்காரர்கள் கூடும் ஆட்டத்தில் அவரவர் கைவரிசைக்கு இடமிருந்தால்தான் சுவை. எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்தால் கூட்டம் இருக்கும், கொண்டாட்டம் இருக்காது.

கொம்பையன் விதியை எடுத்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு முள்ளாயியைத் தன்னோடு மோத வரும்படி அழைத்தான்.