ஆளில்லா வண்டிக்கு முத்திரை குத்தியவர்

மாங்கோட்டை அரசவையில் திருமேனிநாதர் என்றொரு விகடர் இருந்தார். நாட்டிலேயே புத்திசாலி யார் என்று கேட்டால் தயங்காமல் தன் பெயரைச் சொல்லுவார். அன்று காலை மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

காரணம், இருபது வண்டிகள். எந்த நாட்டோடு சண்டை வரும் என்று பயந்தார்களோ, அந்த நாட்டு வணிகனே மாடுகளோடு விற்றவை. வண்டிக்காரன் தேவையில்லை, கொம்பு ஊதினால் மாடுகள் தாமாகவே ஆயுதங்களைப் போர்முனைக்கு இழுத்துப் போகும். அச்சையும் சக்கரத்தையும் தட்டிப் பார்த்து, ‘பழுதில்லை’ என்று முத்திரை குத்தியவர் நம் திருமேனிநாதர்தான்.

நேற்றுதான் அவருக்குப் பொறிதட்டியது. கொட்டில் பக்கம் வணிகன் நடந்துபோனான். நாற்பது மாடுகளும் தீனியை விட்டுவிட்டு அவனையே பார்த்தன. பழக்கியவன் அவன்தான், அவன் போகும் பக்கம்தான் இவையும் போகும் என்று திருமேனிநாதருக்குப் புரிந்தது. இன்று அணிவகுப்பு முடிந்ததும் வண்டிகள் எல்லைக்குப் புறப்படும். அவை எதிரி முகாமில் போய் நின்றால், தன் தலை தப்பாது.

அரசரிடம் ஓடினார். “மகாராஜா, வணிகருக்கு மேளதாளத்தோடு விடைகொடுக்க வேண்டாமா? அணிவகுப்புக்கு முன்னால் அவர் நடந்து போகட்டும்.”

“எதற்கு அரசே, நான் பின்வாசல் வழியாகவே போய்விடுகிறேன்” என்றான் வணிகன். சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நழுவினான்.

அரசர் விடவில்லை. மாலை போட்டு அனுப்பினார். பிறகு முதல் வண்டியில் ஏறக் காலெடுத்தார். “முத்திரை குத்தியவன் முதலில்” என்று திருமேனிநாதர் முந்திக்கொண்டு ஏறினார்.

வணிகன் வடக்கு வாசலைப் பார்த்து நடந்தான். கொம்பு ஊதும் முன்பே இருபது வண்டிகளும் அவன் பின்னால் கிளம்பின. தளபதி ‘நில்’ என்று கொம்பு ஊதினார். ஒரு மாடும் காதை அசைக்கவில்லை. “போ, போ” என்று வணிகன் விரட்டினான். அவன் குரலைக் கேட்டதும் மாடுகள் ஓட்டமெடுத்தன. வாசல் கதவைச் சாத்தச் சொல்லிக் காவலரிடம் முன்பே ஏற்பாடு செய்திருந்தும், திருமேனிநாதர் ஊரே கேட்க அலறினார். கதவு மூடியது. மாடுகள் வணிகனைச் சூழ்ந்து நின்று அவன் மடியில் வெல்லம் தேடின.

“தெரிந்தேதான் ஏறினீரா?” என்றார் அரசர்.

“நேற்றுத் தெரிந்தது, மகாராஜா.”

“முத்திரை குத்தும்போது?”

“அச்சைப் பார்த்தேன், சக்கரத்தைப் பார்த்தேன். மாட்டைப் பழக்கியவன் யாரென்று கேட்கவில்லை.”

“வணிகனுக்குச் சிறை. வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறேன். உம்மையும் அவற்றோடு அனுப்பட்டுமா?”

திருமேனிநாதர் கைகட்டி நின்றார். “அவர்கள் வாங்கிக்கொள்ள மாட்டார்கள், மகாராஜா. வண்டி அவர்கள் செய்தது. இந்த மடையன் முழுக்க முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு.”

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். “அப்படியானால் இங்கேயே வைத்துப் பழுதுபார்க்க வேண்டியதுதான்” என்று தன் பட்டுச் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.