பின் சீட்டுக்காரி

கோவைக்குக் கிழக்கே தண்ணீர் நிற்காத குளம் ஒன்று இருக்கிறது. அதில் பழைய டயர்களை வரிசையாகப் போட்டு, பெரிய பைக் ஓட்டச் சொல்லித் தருகிறார் பியூலா மாஸ்டர். முப்பத்தாறு வயதுப் பெண். ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டியவர். இடது முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் சுருங்கிக் கிடக்கும். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பேச்சு குறைவு, கோபம் அதிகம்.

அவரிடம்தான் என் வீட்டுக்காரர் மகுடபதி போய்ச் சேர்ந்தார். நாற்பத்தெட்டு வயதில் இந்த மனுஷனுக்குப் பெரிய பைக் ஆசை. நான்கு ஞாயிறு விடாமல் போனார். வீட்டில் எதற்கெடுத்தாலும், மாஸ்டர் அப்படிச் சொன்னாங்க, மாஸ்டர் இப்படிச் சொன்னாங்க. பத்தொன்பது வருஷமாக நான் சொன்னது ஒன்றாவது அந்தக் காதில் ஏறியிருக்குமா?

ஐந்தாம் ஞாயிறு எல்லோரும் வால்பாறைக்குப் போவதாக ஏற்பாடு. நாற்பது கொண்டை ஊசி வளைவு. மனைவியைக் கூட்டி வருகிறவர்கள் வரலாம். ஒரே ஒரு நிபந்தனைதான். முந்தின நாள் மாஸ்டர் கவசங்களைச் சோதித்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் பேரை நோட்டில் எழுதுவார். பேர் இல்லாதவர் வரக்கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் இவரோடு போனேன்.

இவர் தலை முதல் கால் வரை கவசம். தோளிலும் முழங்கையிலும் மெத்தை வைத்துத் தைத்த ஜாக்கெட். கையுறை. முட்டிக்குக் காப்பு. கணுக்கால் மூடிய பூட்ஸ். முகம் முழுக்க மறைக்கிற ஹெல்மெட்.

நான் சேலை, ரப்பர் செருப்பு. மடியில், வண்டி வாங்கினபோது ஷோரூமில் ஓசியாகக் கொடுத்த ஹெல்மெட். பட்டையில் கிளிப் உடைந்து ஐந்து மாசம் ஆச்சு. சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

"செக்போஸ்ட் வந்தா எடுத்துத் தலையில வெச்சுக்க. தாண்டுனதும் மடியில வெச்சுக்கலாம்" என்பார்.

ஊரில் பாதிப் பேருக்கு ஹெல்மெட் என்றால் அதுதான். போலீஸ்காரருக்குக் காட்டுகிற சாமான்.

இவர் மாஸ்டர் முன்னால் விறைப்பாகப் போய் நின்றார்.

"மாஸ்டர், ஒரு கேள்விங்க."

"கேளுங்க."

"முறையான கவசம்னா எதுங்க? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க சொன்னா அதுதான் முடிவு."

மாஸ்டர் கிட்டே வந்தார். இவருடைய ஜாக்கெட்டின் தோளை அமுக்கிப் பார்த்தார். ஹெல்மெட்டைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளிப் பார்த்தார். கழன்று வரவில்லை. தாடைப் பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். குனிந்து பூட்ஸையும் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு."

இவர் முகத்தைப் பார்க்கணுமே! கல்யாணத்தன்றுகூட இந்த மனுஷன் அப்படிச் சிரிக்கவில்லை.

"அப்ப என் பேரை எழுதிரலாமுங்களா?"

"கழட்டுங்க."

"என்னதுங்க?"

"கழட்டி அக்காவுக்குப் போட்டு விடுங்க. அக்காவோடதை நீங்க போட்டுக்கங்க."

இவர் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. இவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

ஜாக்கெட் எனக்குத் தொளதொளவென்று இருந்தது. ஹெல்மெட்டை மாஸ்டரே என் தலையில் மாட்டிப் பட்டையைப் பூட்டினார். க்ளிக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் அதுவரை என் காதுக்குப் பக்கத்தில் கேட்டதே இல்லை. உள்ளே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆத்திரத்தில்தான்.

இவர் ஓசி ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். என் செருப்பு இவர் காலில் பாதிதான் ஏறியது. மாஸ்டர் தன் வண்டியைக் கிளப்பினார்.

"பின்னாடி உட்காருங்க. ரெண்டு காலையும் ஒரு பக்கமாப் போட்டு."

"ஆம்பளை நான் எப்படிங்க மாஸ்டர்..."

"அக்கா எப்படி உட்கார்ந்து வந்தாங்க?"

"அவ சேலை கட்டியிருக்கறா."

"சேலை கட்டுனவங்களுக்குத் தனி ரோடு போட்டிருக்காங்களா?"

இவர் ஒருக்களித்து உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது.

முதல் டயர் வளைவிலேயே ஹெல்மெட் தெறித்துச் சீமைக்கருவேல முள்ளுக்குள் உருண்டது. அடுத்த வளைவில் ஒரு செருப்பு. இவர் ஒரு கையால் மாஸ்டரின் சட்டையையும் இன்னொரு கையால் தலையையும் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்க! மாஸ்டர், நிறுத்துங்க! ஐயோ, உளுந்துருவேன்!"

கூட வந்த ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் இப்படித்தானே பயந்தேன், எத்தனை தடவை? ஒரு தடவைகூட இந்த மனுஷன் வண்டியை நிறுத்தியதில்லையே!

வண்டி நிற்குமுன் இவர் குதித்து இறங்கினார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"கொல்லப் பாக்கறீங்களா மாஸ்டர்? இந்த வேகத்துலயா போவாங்க?"

"இருபதுலதான் போனேன்."

"இந்த ஓட்டை ஹெல்மெட்டை நம்பி எந்த மனுசன் உட்காருவான்?"

நான் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினேன். நாலு பேர் முன்னால் இவரை எதிர்த்து நான் பேசினதே கிடையாது.

"நான் உட்காரலையா? இது வந்ததே ஏழு மாசமாத்தான். அதுக்கு முன்னாடி வெறுந்தலை. செக்போஸ்ட் வந்தா தலையில வை, தாண்டுனா மடியில வை. என் தலை என்ன போலீஸ்காரரோட தலையா?"

நான் இன்னும் பேசியிருப்பேன். அதற்குள் இவர் பக்கத்தில் வந்துவிட்டார்.

"வீட்டுக்குப் போயி பேசிக்கலாம், கம்முனு இரு" என்று முணுமுணுத்தார் இவர்.

"எதுக்கு வீட்டுக்குப் போயி?" மாஸ்டரின் குரல் உயர்ந்தது. "இங்கேயே கேளுங்க. போன வருஷம் உங்க மாதிரி ஒருத்தர் எங்கிட்டப் படிச்சாரு. பிரமாதமா ஓட்டுவாரு. அவரோட கவசத்தைப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னதும் நான்தான். பின்னாடி யாரு வர்றாங்கன்னு நான் கேக்கலை. பத்து நாள் கழிச்சு ஆஸ்பத்திரி வாசல்ல அவரைப் பாத்தேன். பின்னாடி உட்கார்ந்து வந்த அவரோட சம்சாரம் உள்ள கிடந்தாங்க. அதே கையுறை, ஒரு கீறல் இல்லை. அந்தக் கையாலதான் மூஞ்சியை மூடிட்டு அழுதாரு. அவரு மேல எனக்கு வந்த கோபத்தைவிட என் மேலதான் எனக்கு அதிகமா வந்துச்சு. அது இன்னும் போகலை."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். சரி, மனுஷனுக்கு உறைத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

"புரிஞ்சுதுங்க மாஸ்டர்" என்றார். "இவளை நாளைக்குக் கூட்டிட்டு வரலை. வீட்லயே இருக்கட்டும். நான் மட்டும் வர்றேன். இப்ப என் பேரை எழுதிரலாமுங்களா?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஹெல்மெட்டைக் கழற்றி இவர் மேலேயே எறியலாமா என்றிருந்தது. கையைப் பட்டைக்குக் கொண்டுபோய்விட்டேன். மாஸ்டர் என் கையைப் பிடித்து இறக்கினார். அப்புறம் இவர் பக்கம் திரும்பினார்.

"அக்கா வேலைக்குப் போறாங்களா?"

"நூல் மில்லுல சூப்பர்வைசருங்க."

"திங்கக்கிழமை காலையில மில்லு கேட்ல யாரு கொண்டுபோயி விடுவாங்க?"

"நான்தானுங்க. தினமும் நான்தான்."

"என்ன போட்டுட்டு உட்காருவாங்க?"

இவர் என்னைப் பார்த்தார். முள்ளுக்குள் கிடந்த ஹெல்மெட்டைப் பார்த்தார்.

"அது பக்கந்தானுங்க மாஸ்டர். ரெண்டு கிலோமீட்டர்கூட வராது."

மாஸ்டர் நோட்டை மூடினார்.

"இப்ப நீங்க ஐயோன்னு கத்துனது இருநூறு மீட்டருக்குங்க."