அஞ்சுகத்தம்மாளின் தோல்கிண்ணம்

"ஏன்டி சுபா, நான் பண்ணினா மட்டும் ஏன் இப்படித் தொவண்டு போகுது?"

கேட்டது மாமியார் அஞ்சுகம். மருமகள் சுபாஷினி தட்டில் கிடந்த உருளைக்கிழங்குத் தோலை இரண்டு விரலால் எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

தோல் வழியாக வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவு மெலிசு.

சுபா அதைத் திரும்ப வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

"வாயைத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"சொன்னா நீங்க வாதாடுவீங்க, அத்தை."

அது பொய்யில்லை. அஞ்சுகம் தஞ்சாவூர்ப் பக்கம் முப்பது வருஷம் கல்யாணச் சமையல் செய்தவள். ஆயிரம் இலை விழும் பந்தியென்றாலும் அசராத கை. சமையலில் அவளுக்கு ஒருத்தர் புத்தி சொல்வதாவது! சொன்னவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும்.

ஆனால் இந்தப் பண்டம் வேறு. கோயம்புத்தூர் வீட்டு ஓவனில் மருமகள் செய்வது. உருளைக்கிழங்கை முழுசாகச் சுட்டு, பாதியாக வெட்டி, உள்ளே வழித்து, அந்தத் தோலை மொறுமொறுவென்று ஆக்கி, அதற்குள் சீஸும் வறுத்த சின்ன வெங்காயமும் போட்டு, மேலே கெட்டித் தயிரும் வெங்காயத்தாளும் வைப்பது. அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னாள். அஞ்சுகம் வாயில் அது நுழையவில்லை. தோல்கிண்ணம் என்று பெயர் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை முதல் பாடம். அஞ்சுகம் ஒன்பது கிழங்கைக் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டாள். சுபா வந்து பார்த்தபோது ஒன்பதும் உரித்த கோழி மாதிரி நின்றன. கை அது பாட்டுக்கு உரித்துவிட்டிருந்தது.

"அழகா உரிச்சிருக்கீங்க, அத்தை. தோல் எங்கே?"

குப்பைக் கூடையில்தான். அன்று ராத்திரி மசால் தோசை.

இன்று புதன்கிழமை. இன்று தோலை விட்டுவைத்தாள், ஆனால் ஒரு துளி சதை ஒட்டாமல் சுரண்டிவிட்டாள். பொருளை வீணாக்காத கை என்று பேர் வாங்கினவள் ஆயிற்றே.

"சதை கொஞ்சம் இருக்கணுமா?" என்று சமையலறை வாசலிலிருந்து கத்தினாள்.

சுபா ஈரக் கையைத் தூக்கிச் சுண்டுவிரலைக் காட்டினாள்.

"அவ்வளவு தடிமனா? இதைச் சுரண்ட நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? இது திறமை இல்லையா?"

"திறமைதான், அத்தை. கிண்ணம்தான் தாங்கலை."

இவ்வளவு பாடு எதற்கு என்றால், ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் வருகிறார்கள். சுபாவின் அப்பா ராஜமாணிக்கம், அம்மா கோமதி. ஊட்டிப் பக்கம் கேத்தியில் உருளைக்கிழங்குத் தோட்டம். கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் முதல் முறை வருகிறார்கள்.

கல்யாணத்தன்று ஒன்று நடந்தது. முகூர்த்தம் முடிந்த கையோடு ரச வாசனை சரியில்லை என்று மூக்கில் பட்டது அஞ்சுகத்துக்கு. மணமகனின் அம்மா சும்மா இருக்கலாம் அல்லவா? பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கரண்டியை எடுத்துவிட்டாள். அப்போது ராஜமாணிக்கம் எட்டிப் பார்த்தார். அடுப்புப் புகையில் அவருக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

"ஏம்மா, நாலாம் பந்திக்குப் பாயசம் இன்னும் போகலை. சீக்கிரம் அனுப்பு."

அஞ்சுகம் அனுப்பினாள். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவர் ஆளைத் தெரியாமல், சமையல்காரி என்று நினைத்துச் சொன்னது கூடப் போகட்டும். இவள் "சரிங்க" என்று சொல்லி அனுப்பினாளே!

அவர் பிறகு தெரிந்துகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. இவளும் சொல்லவில்லை. மூன்று மாதமாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

"உன் அப்பா என்னைச் சம்பந்தியாப் பார்க்கணும்" என்று சுபாவிடம் சொல்லியிருந்தாள். "அவர் தோட்டத்துக் கிழங்கையே அவர் வாயடைக்கிற மாதிரி பண்ணி வைக்கணும். கத்துக்குடு."

ஐம்பத்தாறு வயதில், இருபத்தெட்டு வயது மருமகளிடம். லேசுப்பட்ட காரியமா அது?

வெள்ளிக்கிழமை சுண்டுவிரல் கனத்துக்குச் சதை விட்டாள். கிண்ணம் நன்றாக நின்றது. சீஸும் வெங்காயமும் ரொப்பி ஓவனுக்குள் தள்ளப் போனாள்.

சுபா தட்டைப் பிடித்துக்கொண்டாள். ரொப்பியதையெல்லாம் ஸ்பூனால் வழித்து வேறு கிண்ணத்தில் போட்டாள். வெறும் தோலை எடுத்து விரல் முட்டியால் தட்டினாள். சத்தமே வரவில்லை.

வெறும் தோல்களுக்கு உள்ளும் புறமும் வெண்ணெய் தடவினாள். கவிழ்த்து ஓவனில் வைத்தாள். பத்து நிமிஷம். புரட்டினாள். இன்னொரு பத்து நிமிஷம். வெளியே எடுத்து மாமியாரிடம் நீட்டினாள்.

அஞ்சுகம் தட்டினாள். டொக்.

இன்னொன்றைத் தட்டினாள். டொக்.

"அடி கள்ளி!" என்றாள் அஞ்சுகம். "வெறுமனேயே இது நிக்கணுங்கிறே. அப்புறம்தான் மத்ததெல்லாம்."

சுபா சிரித்தாள்.

சனிக்கிழமை அஞ்சுகம் தனியாகச் செய்தாள். மகன் நாலு தின்றான். ஐந்தாவதற்குக் கை நீட்டினான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டேகாலுக்கு ஆறு தோல்கிண்ணம் தயார்; அடுத்த சுற்றுக்கு இன்னும் ஆறு தோல் வழித்து வைத்திருந்தாள். ஓரமெல்லாம் பொன்னிறம். சீஸ் கொதித்துக் குமிழியிட்டது. தயிரும் வைத்தாயிற்று. தன் கையால் செய்ததைப் பார்த்துத் தானே பூரித்துப்போய் நின்றாள்.

போன் வந்தது. கூட்டி வரப்போன மகன்.

"மலைப்பாதையில வண்டியெல்லாம் நிக்குதும்மா. ஒரு மணி நேரம் ஆகும்."

அஞ்சுகம் பதறவில்லை. வராத மாப்பிள்ளை வீட்டாருக்காக மூன்று மணி நேரம் சோறு காத்தவள் அவள். மேலே இருந்த ஹாட்பாக்ஸை இறக்கினாள். மூடியைத் திறந்தாள். முதல் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைக்கப் போனாள்.

சுபா அதை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

கடித்தாள். மொறுக் என்றது.

"அடியே! அது விருந்தாளிக்கு!"

சுபா மென்றாள். முழுசும் தின்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

"பைத்தியமா உனக்கு? வந்ததும் அவங்களுக்கு என்னத்தை எடுத்து வைப்பேன்? மூடி வச்சா சூடா இருக்கும்டி!"

"சூடா இருக்கும்" என்றாள் சுபா, வாய் நிறைய.

அஞ்சுகம் ஹாட்பாக்ஸைப் பார்த்தாள். திறந்த மூடியின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தாள். முப்பது வருஷமாக எத்தனை அப்பளம், எத்தனை வடை மூடிக்குள் வேர்த்துச் செத்தது என்று அவளுக்குத் தெரியாதா? ஆற அமர வந்து உட்காருகிறவர்களுக்காக எல்லாவற்றையும் மூடி மூடி வைத்தாள். அவர்களும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சுபா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மாமியாரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒரு தட்டில் ஒரு கிண்ணம் வைத்து முன்னால் நகர்த்தினாள்.

"நானா? இப்பவா?"

"ம்."

அஞ்சுகம் எடுத்தாள். விரல் சுட்டது. ஊதினாள். கடித்தாள்.

தோல் நொறுங்கியது. உள்ளே மாவாகக் கரைந்தது. சீஸ் இழுத்தது. தயிர் குளிர்ச்சியாக நாக்கில் பட்டது.

முப்பது வருஷத்தில் தான் சமைத்ததை அடுப்பிலிருந்து இறக்கின சூட்டோடு உட்கார்ந்து அவள் தின்றதில்லை. கடைசிப் பந்தியும் எழுந்தபிறகு, நாலு மணிக்கு, நின்றபடி, மிச்சத்தை. அதுதான் வழக்கம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எம்மா! இவ்வளவு நல்லாவா நான் சமைக்கிறேன்!"

ஆளுக்கு மூன்று. ஆறும் தீர்ந்தது. அஞ்சுகம் ஹாட்பாக்ஸை மூடி மேலே ஏற்றினாள். மீதி ஆறு தோல் வழித்த நிலையில் தட்டில் இருந்தன. அவற்றை அவள் தொடவே இல்லை.

ஒன்றரைக்கு வாசலில் கார் நின்றது.

ராஜமாணிக்கமும் கோமதியும் கை கழுவி மேஜையில் உட்கார்ந்தார்கள். எதிரே காலித் தட்டு. பயணக் களைப்பு, பசி.

"சாப்பாடு தயாருங்களா?" என்றார் ராஜமாணிக்கம்.

"இல்லீங்க" என்றாள் அஞ்சுகம்.

தோல்களை ஓவனில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்."

அவர் முகம் சுருங்கியது. "நாங்க வர்றது தெரியுந்தானுங்களே?"

"தெரியும். அதனாலதான் முன்னாடியே வைக்கலை."

கோமதி புருஷன் கையை அமுக்கினாள். அவர் மகளைப் பார்த்தார்.

"நீயாவது போய் என்னன்னு பாரு, கண்ணு."

சுபா கதவில் சாய்ந்து நின்றாள். நகரவில்லை.

"அது அத்தை கையிலப்பா."

எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சுகம் மழையைப் பற்றிக் கேட்டாள். கேத்தியில் கிழங்கு எடுத்தாயிற்றா என்று கேட்டாள். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அவள் நடுவில் ஒருமுறை எழுந்து போய்ப் புரட்டிப் போட்டாள். மறுமுறை எழுந்து போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். பிறகுதான் ரொப்பினாள்.

கொண்டுவந்து அவர் தட்டில் இரண்டு வைத்தாள்.

ராஜமாணிக்கம் கடித்தார். அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

மெல்லுவதை நிறுத்தினார். கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"நீ பண்ணினதா?"

சுபா தலையை ஆட்டினாள். இல்லை.

அவர் கிண்ணத்தைத் தட்டில் வைத்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றார். கையைக் குவிக்கப் போனார்.

"அன்னைக்கு மண்டபத்துல... ஆள் தெரியாம நான்..."

அஞ்சுகம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மொறுமொறுப்பு போயிடும். உக்காந்து சாப்பிடுங்க, சம்பந்தி."