உயர்ந்தது தலையா, குதியா?

செம்பாறைக் கோட்டை ராஜா குள்ளம். கொஞ்சம் குள்ளம் என்று புலவர்கள் சொல்வார்கள். அதெல்லாம் பரிசுக்காக. நல்ல குள்ளம்.

அதனால் அந்த அவையில் ஒரு சட்டம். ராஜாவின் தாத்தா போட்டது. அவரும் அப்படித்தான். ராஜா நின்றால் அவர் கிரீடத்துக்கு மேலே எதுவும் உயரக் கூடாது. உயர்ந்தால், உயர்ந்ததை வெட்டிவிட வேண்டும். ஆகவே வளர்ந்த ஆள்களெல்லாம் வாசலிலேயே முழங்காலை மடக்கிக்கொண்டு உள்ளே வருவார்கள். படைத்தலைவர் தளவாய் கட்டாரிமுத்து ஆறடிக்கு மேல். மீசை தனி. அவர் அவையில் நடந்தால் வாத்து குளத்துக்குப் போகிற மாதிரி இருக்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள். இடுப்பில் வாள் இருக்கிறதே!

இப்படி இருக்கையில் ஒரு கப்பல் வியாபாரி மனைவியோடு அரண்மனைக்கு வந்தான். அந்த அம்மாள் காலில் குதி உயர்ந்த செருப்பு. டொக், டொக் என்று நடந்தாள். ராணி முத்தழகிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

“பூவாத்தா, எனக்கு அது வேணும்.”

பூவாத்தாள்தான் ராணியின் உடைக்கும் நகைக்கும் செருப்புக்கும் பொறுப்பு. வாய் நீளம். அதனாலேயே ராணிக்கு அவளைப் பிடிக்கும். தளவாய்க்குப் பிடிக்காது. அந்த வேலையைத் தன் தங்கைக்கு வாங்கித்தர அவர் ரொம்ப நாளாகச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூவாத்தாள் சொல்லியனுப்பினாள். வியாபாரி ஒரு பெட்டியையே அனுப்பினான். ஒன்று கடித்தது. ஒன்று கழன்றது. ஒன்றில் இரண்டும் இடதுகால். கடைசியில் கணுக்காலுக்கு மேலே ஏறுகிற ஒரு சிவப்பு ஜோடி, இப்போது பூட்ஸ் என்கிறோமே, அது. குதி நாலு விரல் உயரம். காலையில் போட்டதும் ராணி கைதட்டினாள்.

“இதுதான்டி!”

“பொறுங்க தாயே. காலையில கால் பொய் சொல்லும். சாயங்காலம் போட்டுப் பாருங்க.”

சாயங்காலம் சுண்டுவிரலைப் பிடித்தது. பூவாத்தாள் தோலுக்கு ஆமணக்கெண்ணெய் தடவினாள். உள்ளே துணியைத் திணித்தாள். நிழலில் வைத்தாள். தோழி ஒருத்தி வெயிலில் வைக்கப் போக, “அப்பளமா காயப்போடறே?” என்று ஒரு அதட்டல். தோல் இளகியது. பிறகு ராணி தூணைப் பிடித்து நடந்தாள். தோழியைப் பிடித்து நடந்தாள். கடைசியில் எதையும் பிடிக்காமல் நடந்தாள். அந்தச் சந்தோஷத்தில் இருவருக்கும் தாத்தா சட்டம் மறந்தே போனது.

விஜயதசமி வந்தது. ராஜாவும் ராணியும் ஒன்றாக நின்று வணக்கம் வாங்கும் நாள். டொக், டொக். ராணி வந்து நின்றாள். ராஜா திரும்பினார். ராணியின் மூக்குத்தி தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தார். அப்புறம்தான் கண் தெரிந்தது.

அவையில் எல்லோரும் கிரீடத்துக்கு மேலே தெரிந்த ராணியின் உச்சியையே பயத்தோடு பார்த்தார்கள். தளவாய்க்கு மட்டும் உள்ளுக்குள் பாயசம்.

“மகாராஜா, சட்டம்!” என்றார். “கிரீடத்துக்கு மேலே தலை உயர்ந்துவிட்டது. ராணியார் தலையில் கை வைக்க யாராலும் முடியாது. ஆனால் உயர்த்திவிட்டவள் இதோ நிற்கிறாள். அவள் தலையை வெட்டலாமே?”

“ஐயோ, வேண்டாம்!” என்றாள் ராணி.

ராஜா தவித்தார். “தாத்தா சட்டம். நான் என்ன செய்வது? பூவாத்தா, சொல்ல ஏதாவது இருந்தால் சொல்.”

பூவாத்தாளுக்கு உள்ளங்கை வேர்த்தது. நாக்கு வேர்க்கவில்லை.

“மகாராஜா, ராணியாரைக் உள்ளங்காலிலிருந்து உச்சிவரை அளந்து பாருங்க. கல்யாணத்தன்னிக்கு இருந்த உயரம்தான். தலை எங்கேயும் போகல. கழுத்துக்கு மேலேயேதான் இருக்கு. உயர்ந்தது தலை இல்லீங்க. குதி.”

ராஜா முகம் தெளிந்தது. தளவாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழங்காலை மடக்க மறந்துபோனார்.

“அப்படியானால் குதியை வெட்டு!” என்று ஒரு குதி குதித்தார். “சட்டம் சட்டம்தான்! குதியை வெட்டு!” என்று இன்னொரு குதி. தரை அதிர்ந்தது. தலைப்பாகை மேலே தொங்கிய சரவிளக்கில் மாட்டிக்கொண்டது.

“அதுவும் நியாயம்தானே?” என்றார் ராஜா. “உயர்ந்தது குதி என்று நீயே சொன்னாய்.”

ராணியின் கண் கலங்கியது. அந்தச் செருப்புக்கு எத்தனை நாள் பாடுபட்டிருப்பாள்!

“வெட்டிடலாங்க, மகாராஜா,” என்றாள் பூவாத்தாள். “ஆனா பெரிசை விட்டுட்டுச் சின்னதை வெட்டினா சட்டத்துக்கு அழகா? ராணியார் குதி நாலு விரல்தான். தளவாய் ஐயா இப்பக் குதிச்ச குதி ஒரு முழம் இருக்கும். உங்க கிரீடத்தைத் தாண்டி எவ்வளவோ உயரம் போச்சு. சரவிளக்கே சாட்சி. முதல்ல அந்தக் குதியை வெட்டச் சொல்லுங்க.”

“அதை எப்படி வெட்டுவது?”

“எனக்கென்னங்க தெரியும்? தலையோட சேர்த்துத்தான் வெட்டணும்போல.”

தளவாயின் முழங்கால் மடங்கியது. இந்த முறை மரியாதைக்காக இல்லை.

“மகாராஜா, எந்தக் குதியையும் வெட்ட வேண்டாம்! ராணியாருக்கு அழகாகத்தானே இருக்கிறது!”

ராஜா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிரீடம் கழன்று உருண்டது. தாத்தா சட்டத்தை அங்கேயே ரத்து செய்தார். பூவாத்தாளுக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். கொடுக்கிற சாக்கில் அவள் காதருகே குனிந்தார். குனிய வேண்டிய அவசியமே இல்லை, எல்லோரும் தனக்குக் கீழேயே மடங்கி நின்ற பழக்கதோஷம்.

“அந்தப் பெட்டியில் ஆண்களுக்கு ஏதாவது இருக்கிறதா? ராணியுடையதைவிட ஒரு விரல் கூடவே இருக்கட்டும்.”