பொருளாளர் கிள்ளிய பூக்கள்

வைத்தியலிங்கம் மோரையும் ஊதிக் குடிக்கிற ஆள். கருவூலத்தில் வேலை பார்த்து, யாரிடமும் ஒரு சொல் வாங்காமல் ஓய்வு பெற்றவர். அதனால்தான் மாநில வீட்டுத்தோட்டச் சங்கத்துக்கு அவரைப் பொருளாளராகப் போட்டார்கள்.

சங்கத்தின் தலைவி சகாயராணி டீச்சர். வயதுக்கு அவருடைய மகள் மாதிரி. ஆனாலும் விதை ஊன்ற அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் டீச்சர்தான். வைத்தியலிங்கம் போன ஆடியில்தான் சங்கத்தில் சேர்ந்தார். தோட்டத்துக்குள் வந்துவிட்டால் சொன்னதைக் கேட்கிற மாணவர்.

நிர்வாகக் குழு கூடுகிற அன்று, விடிந்தும் விடியாமலும் உறையூரில் டீச்சர் வீட்டு மாடிக்கு ஏறிவிட்டார். கையில் ஒரு தீர்மானம். மாநில அமைப்பாளர் மாசானத்தைக் குழுவை விட்டு நீக்க வேண்டும். அதற்குத் தலைவியின் கையெழுத்து வேண்டும்.

டீச்சர் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“மாசானம் என்ன செஞ்சார், சார்?”

“ஒண்ணுமே செய்யல. அதுதான் என் கேள்வியே. விதைத் திருவிழா நடத்தினாரா? இல்ல. புதுசா ஒரு ஆளைச் சேர்த்துவிட்டாரா? இல்ல. மாசம் பிறந்தா பஸ் டிக்கெட்டு மட்டும் கத்தையா வருது. கூடவே டீச்செலவு, வடைச்செலவு. வடைக்கு ஏதுங்க ரசீது?”

“குடுக்கிற கடை இருந்தா எனக்கும் சொல்லுங்க.”

“சிரிக்காதீங்க டீச்சர். இன்னொண்ணும் இருக்கு.” குரலைத் தாழ்த்தினார். மாடியில் ஒட்டுக்கேட்க ஒரு காக்கைதான் இருந்தது. “அவர் போய்வர்ற மாவட்டத்துல இருந்து மட்டும் சந்தா ஒழுங்கா வந்துடுது. மத்த ஊருக்கு நான் கடிதாசி மேல கடிதாசி போடுறேன், ஒரு பதில் இல்ல. அதெப்படி? உள்ளுக்குள்ள என்னமோ ஏற்பாடு நடக்குது.”

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“தணிக்கைன்னு வந்தா உருளப்போறது என் தலை. இத்தனை வருஷம் காப்பாத்தின பேரு ஒரு வடையில போகணுமா?”

“போகக்கூடாது சார். கை கழுவிட்டு வந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் அந்தப் பூசணிக் கொடியில, பிஞ்சு இல்லாத பூவா ரெண்டு கிள்ளி வைங்க. சமையலுக்கு.”

வைத்தியலிங்கம் கீரையும் கத்தரியும் போட்டுப் பழகியவர். பூசணி புதிது. குனிந்து பார்த்தார். இரண்டு மூன்று பூவுக்கு அடியில் கோலிக்குண்டு போலப் பிஞ்சு உட்கார்ந்திருந்தது. மற்றதெல்லாம் வெறும் காம்பு. நெட்டையாக நின்றுகொண்டு பல்லைக் காட்டின. மாசானத்தின் சிரிப்பு அவருக்கு ஞாபகம் வந்தது.

ரெண்டு கிள்ளினார். அதற்கு மேல் கை நிற்கவில்லை.

டீச்சர் வந்தபோது தட்டு நிறைந்திருந்தது.

“ரெண்டுதானே கேட்டேன்?”

“இருந்து என்ன பிரயோசனம்? காய்க்கிறதில்ல. போடுற உரத்தைச் சும்மா உறிஞ்சிக்கிட்டு நிக்குது. பிஞ்சுள்ளதுல நான் விரல்கூட வைக்கல.”

“இந்தப் பிஞ்சு வெம்பி விழுந்துடும் சார்.”

“ஏன்? அதைத்தான் நான் தொடலையே!”

டீச்சர் கொடியருகே உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்து இதழ்களைப் பிய்த்துப் போட்டார். நடுவில் ஒரு குச்சி மிஞ்சியது. அது முழுக்க மஞ்சளாக மகரந்தப் பொடி. அதைப் பிஞ்சுள்ள பூவுக்குள் விட்டு, கைக்குழந்தைக்கு மை வைக்கிற மாதிரி மெல்லத் தடவினார். பிறகு அடுத்த பூவுக்கு நகர்ந்தார்.

வைத்தியலிங்கம் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கண் சுருங்கியது.

“டீச்சர், நீங்க மாசானத்துக்குப் பரிஞ்சு பேசுறீங்க.”

“நான் பூசணிக்கு வேலை பார்க்கிறேன்.”

“உங்களுக்கு அவர் சொந்தமா?”

“இல்ல.”

“ஒரே ஊரா?”

“அவர் தென்காசிப் பக்கம். நான் மணப்பாறை.”

“பின்ன எதுக்கு இத்தனை அக்கறை?”

டீச்சர் மூன்றாவது பூவைத் தடவி முடித்தார்.

வைத்தியலிங்கத்துக்கு மனசு ஆறவில்லை. தட்டைப் பார்த்தார். கிள்ளிப்போட்ட பூக்களின் ஓரம் அதற்குள் சுருளத் தொடங்கியிருந்தது. கையிலிருந்த தாளை மடித்தார். மறுபடி பிரித்தார்.

“பூசணி பொய் சொல்லாது. மனுஷன் சொல்லுவான். அவர் நிஜமாவே கை வச்சிருந்தா? கணக்குக் கேக்கிறது தப்பா டீச்சர்?”

“தப்பே இல்ல. கேட்டே ஆகணும். நாளைக்குக் காலையில அவர் ராமநாதபுரம் போறார். நீங்களும் பஸ் ஏறுங்க. அவர் போற வீட்டுக்கெல்லாம் கூடப் போங்க. பக்கத்துலயே இருந்து கேளுங்க.”

வைத்தியலிங்கம் யோசித்தார். அதிலும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“என்னைக் கூட்டிக்கிட்டுப் போக மாட்டேன்னு சொல்லிட்டார்னா?”

டீச்சர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“அப்ப இந்தத் தாளைத் திரும்பக் கொண்டு வாங்க. முதல் கையெழுத்து என்னோடது.”