கண்ணை மூடிக்கொண்டு வாசலைக் கடந்த கரடி

கரடுமலைக் காட்டில் ஒரு கரடி வெல்லம் காய்ச்சி வந்தது. பெரிய கொப்பரை, அதற்கேற்ற அடுப்பு, பக்கத்திலேயே இரண்டு குட்டிகள். மழைக்காலம் முழுக்க அந்த மூன்று வயிறும் அந்த வெல்லத்தை நம்பித்தான் இருந்தன.

காட்டில் புகைக்கு ஒரு சட்டம் உண்டு. மூச்சு முட்டிப்போய் மிருகங்களே கூடிப் போட்ட சட்டம். அடுப்பு வைத்திருப்பவருக்கு மிருகங்களின் சபை வருஷத்துக்கு நூறு தேக்கிலையை முத்திரை குத்திக் கொடுக்கும். ஒரு நாள் புகைக்கு ஓர் இலை. வருஷக் கடைசியில் எத்தனை நாள் புகைந்ததோ அத்தனை இலையைச் சபையில் ஒப்படைக்க வேண்டும். இலை போதாதவர், மிச்சம் வைத்திருப்பவரிடம் ஏதாவது கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

அந்த வருஷம் கரடியின் அடுப்பு நூற்றிருபது நாள் புகைந்துவிட்டது. இலையோ நூறுதான். சபை ஒரு பனையோலையில் நோட்டீஸ் எழுதிச் சுருட்டி, முத்திரை வைத்து, ஆமையின் முதுகில் கட்டியது. நோட்டீஸ் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஆமையின் வேலை. முப்பது வருஷமாக அதே வேலை. நோட்டீஸோடு வருகிறவரை யார்தான் வா என்று கூப்பிடுவார்கள்? பாவம், அதற்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தவர்கூட இல்லை.

ஆமை கிளம்பினால், ஆமைக்கு முன்னால் சேதி வந்துவிடும். காட்டுக்கே சட்டம் சொல்லிப் பிழைக்கும் நரி கரடியிடம் ஓடியது.

"அண்ணே! உங்களுக்கு நோட்டீஸ் வருது! கையில மட்டும் வாங்கிடாதீங்க! வாங்காத வரைக்கும் அது வெறும் ஓலை!"

"அடேயப்பா! உனக்கு எவ்வளவு விவரம்!" என்று பூரித்துப்போன கரடி, நரிக்கு ஒரு பானை வெல்லத்தைத் தூக்கிக் கொடுத்தது.

ஆமை மூச்சிரைக்க வந்து குகை வாசலில் நின்றது.

"கரடியாரே! சபை நோட்டீஸ்!"

"கரடி வீட்டில இல்ல!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்போ பேசுறது யாரு?"

"கரடியோட அண்ணன்!" என்றது அதே குரல்.

ஆமை பெருமூச்சு விட்டது. "சரி. நாளைக்கு வரேன்."

மறுநாள் கரடி கொப்பரையருகே வசமாக மாட்டிக்கொண்டது. உடனே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

"கையை நீட்டவே மாட்டேன்! என்ன பண்ணுவீங்க?"

சண்டை போட ஆமைக்குத் தெம்பில்லை. "கரடியாரே, கேளுங்க. கையில வாங்கலைன்னா, சபைப் பதிவேட்டில உங்க வீடுன்னு நீங்களே எழுதிக் கொடுத்த இந்த வாசல்ல கட்டிட்டுப் போயிடுவேன். மூணாம் நாள் உங்களுக்குச் சேர்ந்ததா அர்த்தம். அதுக்கப்புறம் பதினைஞ்சு நாள் தவணை. தவணை தாண்டினா ஒரு வருஷத்துக்கு அடுப்பை அணைச்சிடுவாங்க. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. பிரிச்சுப் படிச்சவங்க பல பேர் தப்பிச்சிருக்காங்க. படிங்களேன்!"

"போங்க, போங்க!"

ஆமை நோட்டீஸைக் குகை வாசலில் நாரால் கட்டித் தொங்கவிட்டது. அந்த வழியே போன கீரியைச் சாட்சிக்கு நிறுத்தி, நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு திரும்பி நடந்தது.

நரி மறுபடி வந்தது. "பிரிச்சுடாதீங்க அண்ணே! கண்ணால பார்த்தாலே வாங்கினதா ஆயிடும்!" என்று சொல்லி, இன்னொரு பானையையும் தூக்கிக்கொண்டு போனது.

அன்றிலிருந்து கரடி கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் தன் வீட்டுக்குள் போனது. கண்ணை மூடிக்கொண்டுதான் வெளியே வந்தது. போகும்போது ஒரு முட்டு, வரும்போது ஒரு முட்டு. நெற்றியில் விளாங்காய் அளவுக்கு வீக்கம்.

"அப்பா, அதைப் படிச்சாத்தான் என்ன?" என்று குட்டிகள் கேட்டன.

"பேசாம இருங்க! பார்த்தா எல்லாம் போச்சு!"

மூன்று நாள் போனது. பதினைந்து நாளும் போனது. அடுத்த நாள் காலையில் ஆமை வந்தது. பின்னாலேயே தும்பிக்கை நிறையத் தண்ணீரோடு இரண்டு யானைகளும் வந்தன.

"ஐயோ, அநியாயம்! நான் நோட்டீஸை வாங்கவே இல்லையே! கண்ணால பார்க்கக்கூட இல்லையே!" என்று கரடி கத்தியது.

"உங்க வாசல்லதானே தொங்குது. பார்க்காதது உங்க இஷ்டம். தவணை ஓடினது ஓடினதுதான்," என்றது ஆமை. அதன் குரலில் கோபமே இல்லை. அலுப்புதான் இருந்தது.

யானைகள் தண்ணீரைப் பீய்ச்சின. அடுப்பு சீறி அணைந்தது. நரி எங்கே என்று தேடினால், அது காட்டுப்பன்றியின் சூளைக்குச் சட்டம் சொல்லப் போயிருந்தது.

கரடி நோட்டீஸைப் பிரித்துப் படித்தது.

'உங்களுக்கு இருபது இலை குறைகிறது. முள்ளம்பன்றியிடம் இருபது இலை மிச்சம் இருக்கிறது. ஒரு பானை வெல்லத்துக்குத் தரச் சம்மதித்திருக்கிறது. தவணைக்குள் ஒப்படைத்தால் தண்டனை இல்லை.'

"ஒரு பானைதானா!" கரடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. "அந்த நரிக்கு ரெண்டு பானை கொடுத்தேனே! ஆமையாரே, இப்பவே ஓடிப்போய் வாங்கிட்டு வரட்டுமா?"

"தவணை நேத்தோட முடிஞ்சது. வர்ற வழியில முள்ளம்பன்றியைப் பார்த்தேன். நீங்க வருவீங்க, வருவீங்கன்னு நேத்து வரைக்கும் வச்சிருந்துச்சாம். காலையிலதான் வேற ஆளுக்குக் கொடுத்துடுச்சு."

குட்டிகள் இரண்டும் கொப்பரையை எட்டிப் பார்த்தன. ஈரச் சாம்பல்தான் மிதந்தது. "அப்பா, இன்னைக்கு வெல்லம் இல்லையா?"

கரடி எழுந்து போய் ஒரு சிரட்டையில் தண்ணீர் மொண்டு வந்து ஆமையின் முன் வைத்தது. ஆமை குடித்தது. பிறகு, முதுகில் காட்டுப்பன்றிக்கான நோட்டீஸோடு மெல்ல நடந்தது.

நமக்கு வந்த நோட்டீஸை வாங்க மறுத்தால், அதிலிருக்கும் தண்டனை நின்றுவிடாது. தப்பிக்கும் வழிதான் நமக்குத் தெரியாமல் போய்விடும்.